மகனுக்கு எந்த நாதஸ்வரம் வாங்கலாம்?

முள்ளியவளையிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். 14 வயது மகன் மூன்று வருடமாக மாமாவின் பழைய திமிரியில் (உயர்ந்த சுருதியுள்ள குட்டை நாதஸ்வரம்) பழகுகிறானாம். இனிச் சொந்தமாக ஒன்று வேண்டும். தமிழ்நாட்டின் நரசிங்கம்பேட்டையில் செய்ததா, கடையில் பளபளவென்று தொங்குவதா, எது நல்லது என்று கேட்கிறார்.

ஐயா, செய்தவர் பெயரைப் பார்க்க முன்னர், தம்பி எந்தக் குழுவோடு வாசிக்கப்போகிறான், அவர்களுடைய சுருதி எத்தனை கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்று குருவிடம் கேளுங்கள். திமிரி நாலு கட்டைக்கு மேலே பேசும். பாரி என்கிற நீளமான நாதஸ்வரம் இரண்டு, இரண்டரை. வற்றாப்பளைக் கோயில் வீதியில் இரண்டு நாயனம் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி வேறாக இருந்தால் எவ்வளவு ஊதியும் ஒட்டாது. பலரும் பாரிக்கு மாறிவிட்டதால் நானும் அதையே சொல்வேன். ஆனால் பாரி நீளம். கீழ்க்கையின் கடைசி விரல் ஏழாவது துளையை முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் இரண்டுக்கும் இடைப்பட்ட இடைபாரி போதும்.

நரசிங்கம்பேட்டைக்குப் பெயர் சும்மா வரவில்லை. திமிரியில் சுத்த மத்திமம் என்கிற ‘ம’ ஸ்வரம் சரியாக நிற்காத குறையைத் தீர்த்து, நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி கடைந்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரி அந்த ஊர்க்காரர். 2022 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் ஆச்சா மரத்தை எடுக்கிறார்கள். பல வருடம் உத்தரமாகக் கிடந்து ஈரமெல்லாம் வற்றிய மரம் அது. நான் ஒருமுறை பளபளப்பைப் பார்த்து ஒன்று வாங்கினேன். கச்சான் காற்று வீசத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் மூன்றாம் துளையிலிருந்து மயிரிழை போல வெடிப்பு ஓடியது. நம் வன்னி வெயில் பச்சை மரத்தை விடாது.

ஆகவே உலவை, அதாவது மரக்குழலை, கையில் தூக்கிப் பாருங்கள், கனக்க வேண்டும். அடியிலுள்ள புனல் போன்ற அணசைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சுவர் வழவழவென்று நேராக இருக்க வேண்டும். பிறகு தம்பி தன் சொந்தச் சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) போட்டு, சுருதிப்பெட்டியோடு கீழ் ஸட்ஜமம், மத்திமம், மேல் ஸட்ஜமம் மூன்றையும் நீளமாகப் பிடிக்கட்டும். நாதஸ்வரத்தில் உதடும் மூச்சும் கொஞ்சம் திருத்தும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மத்திமத்துக்கு உதட்டை நெரிக்க வேண்டியிருந்தால் அந்த வாத்தியம் வேண்டாம், எந்த ஊரில் செய்திருந்தாலும் சரி.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடும் நாளில் குருவையும் கூட்டிக்கொண்டு நேரே நரசிங்கம்பேட்டைக்குப் போய் வாங்குவது நல்லது. கையோடு சீவாளி ஒரு டசினாவது எடுத்துவாருங்கள். எல்லாமே நன்றாகப் பேசுவதில்லை.

அப்புறம், மாமாவின் திமிரியை விற்றுவிடாதீர்கள். அடியில் விரல் படாத ஐந்து துளைகள் இருக்குமல்லவா, அவற்றில் மெழுகு வைத்துச் சுருதியைக் கொஞ்சம் திருத்தலாம். குருவிடம் ஒருமுறை காட்டுங்கள்.