பீட்டர் முயல் புத்தகங்கள்: கேட்டவையும் பதில்களும்

அக்கா, என் மகளுக்கு மூன்று வயது. பீட்டர் முயலைப் படைத்த ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதைகள் மொத்தமும் ஒரே தடிப் புத்தகமாகக் கிடைக்கிறது. அதையே வாங்கிவிடலாமா?

வேண்டாம், தனித்தனிப் புத்தகங்களாகவே வாங்குங்கள். அவை ஏறக்குறைய 14 செ.மீ. உயரம், 10.5 செ.மீ. அகலம், குழந்தையின் கைக்கு அடங்கும். ஒரு பக்கத்தில் படம், எதிர்ப்பக்கத்தில் சில வரிகள். அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு பக்கம் புரட்டும் அந்த நொடியில்தான் இருக்கிறது. தொகுப்பில் மூன்று நான்கு படங்களை ஒரே பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள். அம்மா எச்சரிப்பதும், தோட்டக்காரர் மெக்ரெகர் பீட்டரைத் துரத்துவதும் ஒன்றாகவே கண்ணில் பட்டுவிடும்.

பீட்டரில் (1902) தொடங்குங்கள். அடுத்தது பெஞ்சமின் (1904). மெக்ரெகர் தோட்டத்தில் பீட்டர் விட்டுவிட்டு வந்த சட்டையையும் செருப்பையும் மீட்கப் போகும் கதை. பிறகு பீட்டரின் சகோதரி ஃப்ளாப்ஸியின் குட்டிகள் (1909). மிஸ்டர் டாட் (1912) அதே குடும்பத்துக் கதைதான், ஆனால் நீளம்; முயல்குட்டிகளைத் தின்னத் தூக்கிப்போகிறது ஒரு வளைக்கரடி (பேட்ஜர்). ஏழு வயதுவரை பொறுங்கள்.

பீட்டரின் அப்பாவைப் பிடித்துச் சமைத்துவிட்டார்கள் என்று முதல் பக்கங்களிலேயே வருகிறதே. வாசிக்கும்போது தாண்டிவிடலாமா?

தாண்டாதீர்கள். தோட்டத்துக்குள் போனால் என்ன ஆகும் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் துரத்தல் வெறும் ஓட்டப்பந்தயம். அம்மா முயல் அதை அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறாள். நீங்களும் குரலை மாற்றாமல் வாசியுங்கள். திருமதி மெக்ரெகர் அந்த முயல்கறி அடைத்த 'பை' (pie) பலகாரத்தைப் பரிமாறும் படமும் முதலில் இருந்தது. அட்டையின் உட்புறத்தில் வண்ணத்தாள் சேர்க்க இடம் தேவைப்பட்டபோது நான்கு படங்களை எடுத்தார்கள். இதுவும் அப்போது போனது. 2002இல் வந்த நூற்றாண்டுப் பதிப்பில் அந்தப் படங்கள் மீண்டும் சேர்ந்தன.

பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி. உள்ளே 'காப்பிரைட் 1902' என்று இருக்கிறது. முதல் பதிப்பா?

அதை மட்டும் வைத்து நம்ப முடியாது. பல ஆண்டுகள் வந்த மறுபதிப்புகளிலும் அதே வரி இருக்கும். அட்டையைத் திறந்ததும் உள்தாளைப் பாருங்கள். கதாபாத்திரங்களின் வண்ணப்படங்கள் இருந்தால் அது பின்னால் வந்தது. ஆரம்ப அச்சுகளில் சாம்பல் நிற இலை வடிவம்தான். அடுத்து 51ஆம் பக்கம்: ஆரம்ப அச்சுகளில் 'வெப்ட் பிக் டியர்ஸ்' என்றிருக்கும், பிறகு 'ஷெட்' என்று மாற்றினார்கள்.

இதற்கும் முந்தியது, பதிப்பகங்கள் மறுத்தபின் பாட்டர் தன் செலவில் 1901 டிசம்பரில் அச்சிட்ட 250 பிரதிகள். முகப்புப் படம் மட்டும் வண்ணம், மற்றவை கோட்டோவியம்; புத்தகத்தின் முதுகு தட்டை. 1902 பிப்ரவரியில் வந்த 200 பிரதிகளுக்கு முதுகு உருண்டிருக்கும். அமெரிக்கப் பிரதி என்றால் இன்னும் கவனம். பாட்டரின் பதிப்பாளரான வார்ன் நிறுவனம் அங்கே காப்புரிமை பதியாததால் யார் யாரோ அச்சிட்டார்கள்.

மழையில் நனைந்து படப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. எப்படிப் பிரிப்பது?

இன்னும் ஈரமாக இருந்தால் வாய்ப்பு உண்டு. இந்தப் படங்கள் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று மைகளை நுண்புள்ளிகளாக ஒன்றின்மேல் ஒன்று பதித்தவை. புள்ளி தெளிவாக விழ வழவழப்பான தாள் வேண்டும். அந்த வழவழப்பு தாள்மேல் பூசிய வெள்ளைக் களிமண். நனைந்தால் பூச்சு இளகும். அழுத்தத்தில் அப்படியே காய்ந்தால் இரண்டு தாளும் ஒன்றாகிவிடும். ஈரத்தோடு இருக்கும்போதே, எளிதாகப் பிரிகிற பக்கங்களுக்கிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். விசிறிக் காற்று போதும்; வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. உடனே செய்ய நேரமில்லையா? பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்துச் செய்யலாம். காய்ந்து ஒட்டிவிட்டதென்றால் இழுக்காதீர்கள், படம் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும்.

புதிதாக வாங்கினால் எந்த ஆண்டு அச்சு நல்லது?

1987க்குப் பிறகு வந்தவை. மூல நீர்வண்ணப் படங்களிலிருந்து அப்போது புதிதாகப் படமெடுத்து அச்சிட்டார்கள்.

நான் வரையும் உடையணிந்த முயல், முகமூடி போட்ட மனிதனைப் போல இருக்கிறது. எங்கே பிசகுகிறது?

பெரும்பாலும் கண்ணில். முயலின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. இரண்டையும் முன்னே கொண்டுவந்தால் அது முயலாக இருக்காது. முதலில் உடையில்லாத முயலை முழுதாக வரையுங்கள், பின்கால் மடிப்பு உட்பட. அதன்மேல் உடையை மாட்டுங்கள். பீட்டருக்குக் குட்டைச் சட்டை மட்டும்தான், கால்சட்டை இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் பின்கால்கள் முயலின் கால்களாகவே தெரிகின்றன. செருப்பு தொலைந்ததும் அவன் நான்கு காலில் ஓடுகிறான். வலையில் பொத்தான் சிக்கி, சட்டையையும் கழற்றிவிட்டுத்தான் தப்பிக்கிறான்.

வண்ணத்தில், மெல்லிய பழுப்புக் கோடு, மேலே நீர்த்த பூச்சு. ஒன்று முழுக்கக் காயாமல் அடுத்ததைப் போட்டால் ரோமம் சேறாகும். படத்தைச் சுற்றிச் சட்டம் போடாதீர்கள், ஓரம் வெள்ளைத் தாளில் கரையட்டும்.

தமிழில் மொழிபெயர்த்துப் படத்தோடு வெளியிடலாமா?

பாட்டர் இறந்தது 1943 டிசம்பர். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு என்பதால், அவர் வாழ்நாளில் வெளியான கதைகளுக்கும் படங்களுக்கும் 2003 முடிவோடு காப்புரிமை முடிந்தது. பிரிட்டனில் 70 ஆண்டு, 2013 முடிவோடு. ஆனால் பீட்டர் முயலின் பெயரும் உருவமும் வணிக முத்திரையாகப் பதிவானவை. முகப்பு அட்டையை முடிவுசெய்யும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். படங்களைப் பழைய பிரதியிலிருந்து நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்.