ஸ்கூல் ப்ரேயர்ல பொண்ணு ஸ்லோகம் சொல்லியே ஆகணுமா?

கடலூர் ஓ.டி.ல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார்: "நாங்க முஸ்லிம். பொண்ணு ஏழாவது படிக்குது, ஒரு டிரஸ்ட் நடத்துற மெட்ரிக் ஸ்கூல். ப்ரேயர்ல ஸ்லோகம் சொல்லணும், சரஸ்வதி பூஜைல கலந்துக்கணும்னு டைரில எழுதி அனுப்புறாங்க. வேணாம்னா டிசி குடுத்துடுவாங்களோ?"

பயப்படாதீங்க, கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்புச் சட்டத்துல 28(3)னு ஒரு பிரிவு இருக்கு, அரசு அங்கீகாரம் உள்ள ஸ்கூலா இருந்தாலும் சரி உதவி பெறும் ஸ்கூலா இருந்தாலும் சரி, மத போதனைலயோ வழிபாட்டுலயோ மைனர் பிள்ளைய கலந்துக்க வைக்கணும்னா கார்டியனோட சம்மதம் வேணும். "நாங்க கவர்மென்ட் காசு ஒரு பைசா வாங்கல"ன்னு கரஸ்பாண்டன்ட் சொல்லுவார், அது பதிலே இல்ல, அங்கீகாரம் இருந்தாலே போதும். மிஷன் ஸ்கூல்ல படிக்கிற இந்துப் பிள்ளைக்கும் இதே சட்டம்தான், பாண்டிலயும் இதேதான்.

முதல்ல அட்மிஷன் ஃபார்ம் காப்பிய எடுத்துப் பாருங்க. வழிபாட்டுக்கு சம்மதிக்கிறேன்னு ஒரு வரி இருந்து நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, அந்த சம்மதத்த வாபஸ் வாங்குறேன்னு எச்.எம்.முக்கு எழுதுங்க. அப்படி வரி இல்லைன்னாலும் எனக்கு சம்மதம் இல்லைன்னு எழுதிக் குடுத்து, இன்னொரு காப்பில சீல் வாங்கி வச்சுக்கோங்க. வாயால மட்டும் சொல்லிட்டு வராதீங்க, நாளைக்கு அப்படி எதுவும் சொல்லவே இல்லைம்பாங்க.

அதுக்காக அசெம்ப்ளிக்கே அனுப்ப மாட்டேன்னு நிக்க வேணாம்ங்கிறது என் கருத்து. கேரளாவுல மூணு பிள்ளைங்க அவங்க மத நம்பிக்கைப்படி தேசிய கீதம் பாட மாட்டோம்னு சொன்னாங்க, ஆனா மரியாதையா எழுந்து நின்னாங்க, அதுக்கே ஸ்கூல்ல இருந்து நீக்கிட்டாங்க. 1986ல சுப்ரீம் கோர்ட் திரும்ப சேர்க்கச் சொல்லிடுச்சு. தேசிய கீதத்துக்கே அப்படின்னா ஸ்லோகத்துக்கு உங்க பொண்ணு அமைதியா நின்னா யாரும் குறை சொல்ல முடியாது. பூஜை நேரத்துல லைப்ரரில உக்காரட்டும்னு லெட்டர்லயே கேளுங்க.

ஆனா தமிழ் புக்ல தேவாரம் வந்தா அது பாடம், அதுக்கு விலக்கு கேக்காதீங்க. சீறாப்புராணமும் தேம்பாவணியும் அதே மாதிரி எல்லா பிள்ளைங்களும் படிக்கிறதுதான்.

டிசி விஷயம்: எட்டாவது முடியுற வரைக்கும் பிள்ளைய வெளிய அனுப்பக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 16வது பிரிவு சொல்லுது. சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014ல தீர்ப்பு வந்துச்சு, நீங்க சொல்றத வச்சுப் பாத்தா உங்க ஸ்கூல் அந்தக் கணக்குல வராது. மீறி மிரட்டினா சீல் போட்ட காப்பியோட தனியார் பள்ளிகளுக்கான டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்)கிட்ட போங்க, அங்க நடக்கலைன்னா சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்).

எல்லாத்துக்கும் முன்னாடி பாப்பாகிட்ட உக்காந்து பேசுங்க. ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி தனியா நிக்கிறது அதுக்கு கஷ்டமா இருந்தா, அத கிளாஸ் மிஸ்கிட்ட முன்கூட்டியே நீங்களே போய் சொல்லிடுங்க.