ஃபால்ஸ் சீலிங்கா, மாதம் ஒரு தடவை ஏற்காடா?

கேள்வி: எனக்கு வயது 61. சேலம் கன்னங்குறிச்சியில் 1998ல் கட்டிய சொந்த வீடு. தனியார் நிறுவன வேலையிலிருந்து ஓய்வு பெற்றதில் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 40 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. மாத பென்ஷன் 4,200 ரூபாய். வீட்டுச் செலவு 20,000 ஆகிறது. மழை வந்தால் ஹாலில் ஒழுகுகிறது. பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டையே புதுப்பித்துவிடலாம் என்று ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் உட்பட 9 லட்சத்துக்கு எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறான். என் ஆசையெல்லாம் மாடியில் கொஞ்சம் தொட்டிச் செடி, மாதம் ஒரு தடவை மனைவியோடு ஏற்காடு போய் வருவது, அவ்வளவுதான். 'சம்பளம் நின்ற பிறகு இந்த ஊர்சுற்றல் எதற்கு' என்கிறார் அவர். எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

பதில்: உங்கள் மனைவி பயப்பட வேண்டியது ஏற்காட்டைப் பார்த்து அல்ல, அந்த எஸ்டிமேட்டைப் பார்த்து. கிச்சனுக்கும் சீலிங்குக்கும் மட்டும் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதே 6 லட்சத்தை தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 3,700 ரூபாய் வரும். இரண்டு பேரும் பஸ்ஸில் ஏற்காடு போய், சாப்பிட்டு, காபித்தூளும் மிளகும் வாங்கி வந்து, செடிக்கு உரம் போட்டு, சாயங்காலம் தட்டுவடை செட் தின்றாலும் மாதம் 2,500க்குள் முடியும். கிச்சன் வேண்டாம் என்றாலே ஏற்காட்டுச் செலவுக்கு வழி பிறந்துவிடுகிறது.

அப்புறம், ஒழுகுகிற தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஒழுகல் நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சு பெயர்ந்து விழும்போதுதான் விஷயமே வெளியே வரும். அன்றைக்கு ஆகும் செலவு பல மடங்கு.

முதலில் மொட்டை மாடிக்கு ஏறி, ஹாலில் ஓதம் பிடித்து ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். பல வீடுகளில் மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பிலையும் மண்ணும் அடைத்து, அதைச் சுற்றித் தண்ணீர் குளமாக நின்றிருக்கும். அதுதான் காரணம் என்றால் அரை நாள் வேலை, ஒரு ஆள் கூலி. விரிசல் இருந்தால் வாட்டர் ப்ரூஃபிங் செய்யத்தான் வேண்டும். அதை மாசி, பங்குனி வெயிலில், தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்யுங்கள். மழைக்காலத்தில் அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் அடுத்த வருடமே உரிந்து வரும். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்த பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள். மேலே வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தால் சேலத்துச் சித்திரையில் ஹால் சூடும் கொஞ்சம் தணியும்.

எஸ்டிமேட்டில் பாத்ரூம் இருக்கிறதா என்று எழுதவில்லை. வழுக்காத டைல்ஸ், சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி, இரவில் எரிய ஒரு சின்ன லைட். இந்த வயதில் சமையலறையைவிட இதுதான் அவசரம். தளமும் பாத்ரூமும் சேர்த்து 2 லட்சம் ஒதுக்குங்கள்.

இனி மிச்சப் பணம். 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். அதுதான் அதன் உச்சவரம்பு. 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. நீங்கள் கணக்குத் தொடங்கும் காலாண்டில் என்ன வட்டியோ அதுவே 5 வருடத்துக்கும். 8.2 என்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500. மாத வருமானத் திட்டத்தில் 3 லட்சம் போட்டால் 1,850. பென்ஷனோடு சேர்த்து 26,550 ஆகிறது. ஆஸ்பத்திரிக்கென்று 4 லட்சம் வங்கி டெபாசிட்டில் தனியாக இருக்கட்டும். அதன் வட்டியையும் எடுக்காதீர்கள். திட்ட வட்டியும் பென்ஷனும் அப்படியே நிற்க, விலைவாசி மட்டும் ஏறும் என்பதால் அந்த வட்டி பின்னால் உதவும். புதிய வரி முறையில் உங்களுக்கு வரி வராது. ஆனாலும் வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தை வருடா வருடம் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.

மீதி 1 லட்சத்தை வீட்டுக்கென்று தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதம் 3,000 அதில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மோட்டார் காயில் போவதும், உப்புத் தண்ணீரில் குழாய் வாஷர் தேய்வதும், வெள்ளையடிப்பதும் திடீர்ச் செலவு அல்ல. வீடு இருக்கிறவரை வந்துகொண்டே இருக்கும். தேதி மட்டும்தான் தெரியாது. தனிக் கணக்கு இல்லாத வீடுகளில் மோட்டார் ரிப்பேர் ஆன மாதம் முதலில் வெட்டு விழுவது இந்தச் சின்னச் சந்தோஷங்களுக்குத்தான். வீட்டுச் செலவு 20,000, இந்த 3,000, ஏற்காட்டுக்கும் செடிக்கும் 2,500 என்று எல்லாம் போக 1,050 கையில் நிற்கும். கணக்கை மனைவியிடம் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

தொட்டிகளைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி அதே ஓதம்தான்.

மகனின் ஆசையை ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். உங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை அவரைக் கட்டச் சொல்லுங்கள். பழைய வரி முறையில் இருந்தால் பெற்றோருக்காகக் கட்டும் பிரீமியத்தில் 50,000 ரூபாய் வரை அவருக்கு வரிக்கழிவும் உண்டு.