மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் இரவில் மட்டும் கேட்பது ஏன்?

பகலில் வெறும் இரைச்சல், இருட்டியதும் எங்கோ தொலைவில் இருக்கும் நிலையம் தெளிவாகக் கேட்கிறது, ரேடியோவில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. மாறுவது வானம்.

சுமார் 60 கி.மீ. உயரத்துக்கு மேல், சூரியக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. அதுதான் அயனி மண்டலம். அதன் அடித்தட்டான டி அடுக்கு பகலில் மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். இரவில் அது கலைந்துவிடுவதால், அலைகள் மேல் அடுக்குகள் வரை போய் வளைந்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. எஃப்.எம். அலைகள் பொதுவாக இவற்றைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும்.

இது தெரியவந்த கதை சுவையானது. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த மூன்று மோர்ஸ் (தந்திக் குறியீடு) புள்ளிகளை, சுமார் 3,500 கி.மீ. தள்ளி, இன்றைய கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக வானொலி முன்னோடி மார்க்கோனி அறிவித்தார். நேராகப் போகும் அலை உருண்டைப் பூமியை எப்படிச் சுற்றி வந்தது? மேலே மின்சாரம் கடத்தும் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-ல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தார்கள். 1924-ல் இங்கிலாந்து இயற்பியலாளர்கள் ஆப்பிள்டனும் பார்னெட்டும் அதை நிரூபித்தார்கள். பிபிசியின் போர்ன்மத் நிலையத்தில் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் சொல்லி, தரை வழியே வந்த அலையும் மேலிருந்து திரும்பிய அலையும் கலப்பதால் ஆக்ஸ்ஃபோர்டில் சமிக்ஞை ஏறி இறங்குவதை அளந்தார்கள். அடுக்கின் உயரம் சுமார் 100 கி.மீ. என்று கணக்கு வந்தது. ஆப்பிள்டனுக்கு 1947-ல் நோபல் பரிசு.

ஒரு வேடிக்கை: மார்க்கோனி கேட்டதாகச் சொன்ன நேரம் நண்பகல்! டி அடுக்கு விழித்திருக்கும் வேளை. அதனால் அவர் கேட்டது வெறும் இடிமின்னல் இரைச்சல்தானோ என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.