சொட்டு மருந்தும் ஐந்து நிமிடமும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளாகிறது. பார்வை பளிச்சென்று வந்துவிட்டது. விடிந்ததும் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். இப்படிப் படித்தால் புது லென்ஸுக்குக் கெடுதல் இல்லையா? சொட்டு மருந்தை அவரேதான் போட்டுக்கொள்வார். கண் சரியாகிவிட்டதென்று இரண்டு நாளாக அதையும் நிறுத்திவிட்டார்.

ம.

அன்புள்ள ம.,

படிக்கட்டும். டிவியும் பார்க்கட்டும். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

எனக்குத் திக்கென்றது உங்கள் கடைசி வரி. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்! பார்வை தெளிந்தால் கண் ஆறிவிட்டதென்று யார் சொன்னது? லென்ஸ் வைத்ததும் பார்வை வந்துவிடும். உள்ளே அழற்சி, அதாவது அறுத்த இடத்துப் புண்வீக்கம், அடங்க வாரக்கணக்காகும். அதற்குத்தான் ஸ்டீராய்டு சொட்டு. பெரும்பாலும் வாரம் ஆக ஆக, ஒரு நாளைக்குப் போடும் வேளைகளில் ஒன்றொன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். நடுவில் சட்டென்று விட்டால் அழற்சி மறுபடி கிளம்பும். கேட்காமல் நீட்டித்தாலோ சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறும். எதுவும் நாமாக முடிவு செய்வதல்ல.

"அவரேதான் போட்டுக்கொள்வார்" என்கிறீர்களே, ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? வயதானவர் கை நடுங்கும். பாதி மருந்து கன்னத்தில் வழியும், பாட்டில் முனை இமையில் இடிக்கும். பெற்ற மகள் வீட்டில் இருக்கும்போது அவர் ஏன் தனியாகத் தடுமாற வேண்டும்? கையைக் கழுவிக்கொண்டு, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள். ஒன்று போதும், அதையே கண் முழுதாகத் தாங்காது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரக் கண்முனையை ஓரிரு நிமிடம் லேசாக அழுத்துங்கள். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும்; உடனே விட்டால் முதல் மருந்தை அது அடித்துக்கொண்டு போய்விடும்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதே அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மாவுக்கு நான்தான் சொட்டு போட்டேன். வாழ்நாளெல்லாம் ஓரிடத்தில் உட்காராதவர், கண்ணை மூடி அண்ணாந்து படுத்திருப்பார். எழுந்து போக வழியில்லை, பேச ஆரம்பிப்பார். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய நாளில் புத்தகங்களை எந்தத் தங்கைக்குக் கொடுத்தார் என்பதைக்கூட அப்போதுதான் சொன்னார். ஒருநாள், "சமையலறைக் கதவு நீலமா? பச்சையென்றல்லவா நினைத்திருந்தேன்!" என்றார். கண்ணுக்குள் பிறவியிலேயே இருந்து பழுப்பேறிய பழைய லென்ஸ் நீலத்தை அத்தனை வருடம் மறைத்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. நேரமில்லை என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள். உங்கள் அப்பாவிடமும் இப்படி என்னென்னவோ இருக்கும், கேளுங்கள்.

இன்றே மருத்துவரை அழைத்து, இரண்டு நாள் விட்டுப்போனதைச் சொல்லி, எந்த வேளையிலிருந்து தொடங்குவது என்று கேளுங்கள். வலியோ சிவப்போ கூடினாலும், பார்வை மங்கினாலும், கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலும், ஓரத்தில் திரைபோல நிழல் விழுந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள். எனக்குப் பதில் எழுதுவதெல்லாம் அப்புறம்.