நகரத்தின் நட்டநடுவில் வீடு எடுக்கலாமா?

கேள்வி: டவுன்டவுன் என்று சொல்கிற நகர மையப் பகுதியில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அங்கே அன்றாட வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

9 வருஷமாக அப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறேன். மூன்றாவது மாடி, தெருவைப் பார்த்த படுக்கையறை. பயமுறுத்துகிறவர்கள் சொல்வது பொய் இல்லை, ஆனால் அவர்கள் பகலை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். கூட்டம், நெரிசல், ஹாரன் என்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எப்படியும் வேலையில் இருப்பீர்கள். அங்கே குடியிருக்கிறவனுக்குப் பிரச்சினை பின்னிரவும் ஞாயிற்றுக்கிழமையும்தான். அதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்கள் யாரும் அங்கே இருப்பதில்லை.

எந்த நகரமாக இருந்தாலும் மையப் பகுதியில் பகலில் தெரு வெளியிலிருந்து வருகிறவர்களுடையது. நடைபாதை முழுக்க ஆட்கள், ஓரமெல்லாம் வண்டி, நடுவில் பேருந்து. அதனால் தெருவுக்கென்று செய்ய வேண்டிய வேலை எல்லாமே, குப்பை அள்ளுவது, கடைகளுக்கு லோடு இறக்குவது, ரோட்டைக் கழுவுவது, கேபிள் போடத் தோண்டுவது, கிரேன் நிறுத்திக் கட்டட வேலை பார்ப்பது, பெரும்பாலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் தொடங்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு வேறு நேரமே இல்லை.

என் வீட்டுக்கு எதிரே ஒரு மதுக்கூடம். கடை மூடி, நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்து, விளக்கெல்லாம் அணைத்தபின் ஒரு பையன் அன்றைக்குச் சேர்ந்த காலி பாட்டில்களைக் கூடை கூடையாகத் தூக்கிவந்து வெளியே இருக்கிற இரும்புத் தொட்டியில் கொட்டுவான். மணி 1:40, ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். முதல் கூடையில் கண்ணாடி இரும்பில் மோதுகிற கணீர் சத்தம். இரண்டாவது கூடையிலிருந்து கண்ணாடி மேல் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். அரைத்தூக்கத்திலேயே எத்தனையாவது கூடை என்று சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை என்றால் நான்கு.

இரவில் வீட்டுக்கு வெளியே சத்தம் சராசரியாக 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல் ஐரோப்பிய நாடுகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. பெரிய நகரத்தின் மையத்தில் அது நடக்கிற காரியமில்லை, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, சராசரி என்கிற கணக்கே இங்கே அவ்வளவாக உதவாது. ஒரே சீராக ஓடுகிற வண்டிச் சத்தம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். திடீரென்று ஒரு தடவை வந்து நின்றுவிடுகிற சத்தம் பழகுவதே இல்லை. இரவு முழுவதற்கும் சராசரி போட்டால் அந்த நான்கு கூடை கணக்கில் கரைந்து போகும், ஆனால் என்னை எழுப்புவது அதுதான். அதே மாதிரி லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற பீப் பீப். ஒரே சுருதியில் வருகிற ஒலி, இரண்டு பக்கக் கட்டடங்களிலும் பட்டுப் பட்டுத் திரும்பும், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இப்போது சில லாரிகளில் அதற்குப் பதிலாக 'ஷ்ஷ், ஷ்ஷ்' என்று இரைகிற மாதிரி ஒன்று வைக்கிறார்கள். பின்னால் நிற்கிறவனுக்கு நன்றாகக் கேட்கும், தள்ளிப்போனால் சீக்கிரம் மங்கிவிடும். உங்கள் தெருவுக்கு அந்த லாரி வந்தால் உங்கள் நல்ல நேரம்.

உடனே 'பின்பக்க அறையாக எடுத்துக்கொண்டால் போயிற்று' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன். வீடு காட்டிய தரகர் சனிக்கிழமை மதியம் ஜன்னலைத் திறந்து காட்டினார், அவ்வளவு அமைதி. குடிபோன பிறகுதான் தெரிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் சரக்கு வாசல் அந்தப் பின்சந்தில்தான் இருக்கிறது, பக்கத்து அலுவலகத்து ஏசி மெஷின்கள் எட்டும் அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கின்றன, சனி ஞாயிறு அவை ஓடுவதில்லை என்பதால்தான் அந்த அமைதி. அடித்தொண்டையில் முனகுகிற மாதிரியான அந்த உர்ர்ர் சத்தத்தை இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கூடத் தடுக்காது. ஜன்னல் கண்ணாடி பேச்சுக் குரலையும் ஹாரனையும் நன்றாகவே குறைக்கும், தாழ்ந்த சுருதி மட்டும் கண்ணாடி, சுவர் இரண்டின் வழியாகவும் உள்ளே வரும். ஜன்னல் மாற்றுவதற்குச் செலவு செய்யும் முன் உங்கள் சத்தம் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்று. கான்கிரீட்டும் தாரும் பகலில் குடித்த சூட்டை ராத்திரிதான் வெளியே விடும், இரண்டு பக்கமும் உயரக் கட்டடம் இருந்தால் அந்தச் சூடு மேலே போகவும் வழி இருக்காது. இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. மேகங்களுக்கு நாம் இன்றும் சொல்கிற பெயர்களை வைத்த லூக் ஹாவர்ட், 1800களின் தொடக்கத்திலேயே லண்டனில் நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்துவைத்து, நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பது முக்கியமாக இரவில்தான் என்று எழுதியிருக்கிறார். அதனால் காற்று வருகிறதா என்பதை வீடு பார்க்கும்போது மதியம் பார்க்காதீர்கள், ராத்திரி பத்து மணிக்குப் பாருங்கள்.

ஜிபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்னல் உயரக் கட்டடங்களில் மோதித் திரும்புவதால் வரைபடத்தில் நீங்கள் எதிர்ச்சாரியில் நிற்பதாகக் காட்டும், சில நாள் அடுத்த தெருவிலேயே. பார்சல் கொண்டுவருகிறவர்களோடு எனக்கு நடக்கிற பேச்சு 9 வருஷமாக மாறவில்லை. "சார், நான் லொகேஷன்லயேதான் நிக்கிறேன்." "நானும் வாசல்லதான் நிக்கிறேன், அப்படியே திரும்பிப் பாருங்க."

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நகர மையம் என்பது ஒரே வகை இல்லை. அலுவலகம் மட்டுமே நிறைந்த மையமும் உண்டு, கடை, பள்ளி, வீடு, அலுவலகம் எல்லாம் கலந்து கிடக்கிற மையமும் உண்டு. முதல் வகைக்கு லண்டனின் பழைய நடுப்பகுதியான சிட்டி ஆஃப் லண்டன் உச்சகட்ட உதாரணம்: அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், 2021 கணக்கெடுப்பின்படி குடியிருப்பவர்கள் கிட்டத்தட்ட 8,600 பேர். அப்படிப்பட்ட இடத்தில் விடுமுறை நாளில் மருந்துக்கடைகூடத் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கடைகள் எல்லாம் வேலைக்கு வருகிறவர்களை நம்பி நடப்பவை. ஒரு பல்ப் வாங்கவேண்டிய தேவையோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு தெரு நடந்து, எல்லா ஷட்டரையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் சொல்கிறேன். இரண்டாவது வகை இடம் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

கலந்து கிடக்கிற தெருவில் ஏதோ ஒரு வேலையாக யாராவது எப்போதும் இருந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் யாரும் காவல் காக்கவில்லை, ஆனால் கண் தெருவின் மேல் இருக்கும். நியூயார்க்கில் ஹட்சன் தெருவில் குடியிருந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் இதைத்தான் 1961ல் விரிவாக எழுதினார். வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று அவர் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிற பெரியவரிடம் ஒரு பலகை இருக்கிறது, ஏழு கொக்கி, ஏழு சாவி. "தம்பி, உங்க சாவி ரெண்டாவது கொக்கியில இருக்கு, பிளம்பர் வந்தா நானே திறந்து விடுறேன், நீங்க ஆபீஸ் போங்க" என்பார். இத்தனைக்கும் நான் ஒரு நாளும் அவர் வீட்டுக்குப் போனதில்லை, அவரும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. பிளம்பர் வந்தாலும் பெரியவர் வாசலில்தான் நிற்பார். நகர மையத்துப் பழக்கம் இப்படித்தான், ரொம்ப நெருக்கம் இருக்காது, ஆனால் உதவி இருக்கும். எல்லோருக்கும் இது பிடிக்காது. வீட்டுக்கு வீடு போய் உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்கு முதல் வருஷம் தனிமையாகவே இருக்கும்.

ஆனால் தெருவில் வண்டி எவ்வளவு ஓடுகிறது என்பதும் இதில் சேரும். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்கிற நகர வடிவமைப்பு ஆய்வாளர் 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்து ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டி போகிற தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள், 16,000 வண்டி போகிற தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9. உங்கள் இடம் எதுவரை என்று வரைபடத்தில் காட்டச் சொன்னதற்கு முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள், 16,000 வண்டி போகிற தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு வீடு கிடைத்தால் பிரதான சாலையில் இருப்பதை விட்டுவிட்டு, ஒரு திருப்பம் உள்ளே தள்ளி இருப்பதை எடுங்கள். அந்த ஒரு திருப்பம் நிறைய மாற்றும்.

அப்புறம் ஊர் விசேஷம் எல்லாம் உங்கள் வாசலில்தான் நடக்கும். ஊர்வலம், மாரத்தான், போராட்டம், படப்பிடிப்பு, ஏதாவது ஒரு திறப்பு விழா. முதல் இரண்டு வருஷம் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பீர்கள். மூன்றாவது வருஷம் இரண்டு கையிலும் பையோடு வந்து தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்று, 'ஐயா, அதோ அந்த மூன்றாவது ஜன்னல்தான் என் வீடு' என்று கெஞ்சுவீர்கள். என்னை ஒரு தடவை உள்ளே விடவே இல்லை, அடையாள அட்டையில் பழைய முகவரி. கடைசியில் தையல்காரர் வந்து "இவர் நம்ம கட்டடம்தான்" என்று சொன்னபிறகே கம்பியை நகர்த்தினார்கள். குடிபோன முதல் மாதத்திலேயே முகவரியை மாற்றிவிடுங்கள்.

தோண்டுவதும் அப்படித்தான். ஒரே வருஷத்தில் எங்கள் தெருவைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை, மறுபடி ஏதோ ஒன்றுக்காக ஒரு தடவை தோண்டினார்கள். நகரம் பழசாக இருக்க இருக்க மண்ணுக்குக் கீழே குழாய் மேல் குழாயாகக் கிடக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது, ஒருவர் தோண்டும்போது மற்றவரையும் கூப்பிட்டுச் சேர்த்துச் செய்வது நடப்பதில்லை. மூன்றாவது தடவை கேபிளுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குழாயை உடைத்தே விட்டார்கள், ஒன்றரை நாள் தண்ணீர் இல்லை. வீட்டில் எப்போதும் இரண்டு பெரிய கேனில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

முன்பணம் கொடுக்கும் முன் மூன்று நேரத்தில் அந்தத் தெருவில் போய் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள்: வெள்ளி இரவு ஒரு மணிக்கு மேல், வேலை நாளில் அதிகாலை ஐந்துக்கு, ஞாயிறு சாயங்காலம். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, எங்கள் தெருவில் சும்மா நிற்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது, அது இரும்பா பிளாஸ்டிக்கா, எதிரே இருப்பது என்ன கடை, சரக்கு வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தரைத்தளத்துக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள், தரகர் சொல்லாததை எல்லாம் அவர் சொல்லிவிடுவார்.

எடுப்பது என்று முடிவானால், சாமான் ஏற்றிவரும் லாரியை வாசலில் நிறுத்த அனுமதி வேண்டுமா என்று முதலிலேயே விசாரியுங்கள், லிஃப்டில் உங்கள் பீரோ நுழையுமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். குடிபோகிற நாளை ஞாயிறு காலை ஆறு மணியாக வைத்துக்கொண்டால் நல்லது. அந்த நேரத்தில் தெருவில் உங்களோடு இடத்துக்குப் போட்டி போட குப்பை லாரி ஒன்றுதான் இருக்கும்.