மியூனிக்லேர்ந்து ஒரே நாள்ல ரேகன்ஸ்பர்க் போயிட்டு வரலாமா? கணவன் மனைவி ரெண்டு பேர் மட்டும், என்னென்ன பார்க்கலாம்?

தாராளமா போயிட்டு வரலாம். "ரெண்டு பேர் மட்டும்"னு போட்டிருக்கறத பார்த்தா புதுசா வந்திருக்கீங்க, அவருக்கு ஆபீஸ், உங்களுக்கு டிபெண்டன்ட் விசா, லீவு நாள்ல எங்க போலாம்னு நீங்கதான் உக்காந்து தேடிட்டு இருக்கீங்கன்னு தோணுது. தப்புன்னா மன்னிச்சுக்கோங்க, என் கதை அதான், அதனால எல்லாரும் அப்படித்தான்னு நினைச்சுக்கறேன்.

கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ரீஜனல் ட்ரெயின்ல சுமார் ஒன்றரை மணி நேரம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் செல்லற டிக்கெட்) போதும், வார நாள்னா காலைல 9 மணிக்கு மேலதான் செல்லும், சனி ஞாயிறுல அந்தத் தொல்லை இல்ல. ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் பூட்டியிருக்கும், தண்ணி பாட்டில் கையோட எடுத்துட்டுப் போங்க. ஸ்டேஷன்லேர்ந்து பழைய ஊருக்கு நடந்தே போயிடலாம்.

இனி எங்க கதை. மூணாவது கல்யாண நாளுக்குப் போனோம். எங்க வீட்டுக்காரர் போன்ல லிஸ்ட் போட்டு வச்சிருந்தாரு, ஒவ்வொரு இடத்துக்கும் இத்தன நிமிஷம்னு. கதீட்ரல் 30, ரோமன் வாசல் 10, கல் பாலம் 15, சாப்பாடு 40, அப்புறம் ஊருக்கு வெளிய இருக்கற வால்ஹல்லாங்கற நினைவு மண்டபம். பாலத்துக்கு 15 நிமிஷம்! நான் சிவில் இன்ஜினியருங்க. திருச்சியில படிச்சு ரெண்டு வருஷம் சைட்ல வெயில்ல நின்னவ.

ரோமன் வாசல்ல நிஜமாவே 10 நிமிஷம் போதும். கி.பி. 179ல ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் காலத்துல கட்டின கோட்டையோட வாசல், இப்ப ஒரு வெள்ளைச் சுவத்துக்குள்ள பெரிய பெரிய கல்லா துருத்திட்டு நிக்குது, காசில்லாம தெருவுலேர்ந்தே பாக்கலாம்.

ஆனா பாலம்... 1135ல ஆரம்பிச்சு 1146ல முடிச்சிருக்காங்க. பதினோரு வருஷம். 1135 கோடையில டான்யூப் ஆத்துல தண்ணி ரொம்ப கம்மியா இருந்துச்சாம், அத விட்டா வேற நேரம் கிடைக்காதுன்னு இறங்கிட்டாங்க. மொத்தம் 16 வளைவு, பின்னாடி பக்கத்துல உப்புக் கிடங்கு கட்டினப்ப ஒண்ணு உள்ள மறைஞ்சு போச்சு. ஒவ்வொரு தூணோட காலையும் சுத்தி படகு மாதிரி நீட்டமா ஒரு கல் திட்டு இருக்கும், தண்ணி அடித்தளத்த அரிக்காம இருக்க. அந்தத் திட்டுங்க ஆத்த நல்லாவே அடைச்சுக்குது, அதனால பாலமே ஒரு அணை மாதிரி ஆகி, மேல்பக்கம் தண்ணி ஏறி நிக்குது, வளைவு வழியா பிச்சிக்கிட்டு வந்து கீழ்ப்பக்கம் சுழல் போடுது. அந்த இறக்கத்துல ஒரு காலத்துல மில்லு ஓட்டியிருக்காங்க!

இதெல்லாம் மூச்சு விடாம அவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன், அவரு மணிய பார்த்துட்டு "பாலம்தானே, காவேரிப் பாலத்த பாக்காதவளா நீ, வா போலாம்"னாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. "நீங்க போங்க, நான் வரல"ன்னு அங்கயே கைப்பிடிச் சுவர் ஓரமா நின்னுட்டேன். வண்டியெல்லாம் வராது, 1997லயே கார நிறுத்திட்டாங்க, 2008ல பஸ்ஸயும், எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கலாம்.

பாலத்து மேல கண்ணுக்குக் கைய வச்சு கதீட்ரல் பக்கம் பாக்கற மாதிரி ஒரு சின்னக் கல் பொம்மை உக்காந்திருக்கும். பாலம் கட்டினவனும் கதீட்ரல் கட்டினவனும் யார் முதல்ல முடிக்கறதுன்னு பந்தயம் கட்டினாங்களாம், பாலக்காரன் சாத்தான்கிட்ட உதவி கேட்டு, முதல்ல கடக்கற மூணு உயிர் உனக்குன்னு வாக்குக் கொடுத்து, கடைசில நாய், சேவல், கோழின்னு அனுப்பி ஏமாத்திட்டானாம். பக்கத்துல ஒரு கைடு இதைச் சொல்லிட்டிருந்தாங்க. அழகான கதைதான். ஆனா இப்ப நிக்கற கதீட்ரல் வேலை ஆரம்பிச்சதே 1273 தீ விபத்துக்கு அப்புறம், ரெண்டு கோபுரமும் முழுசா முடிஞ்சது 1869ல. பாலம் முடிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் யாரோட பந்தயம்? இத நான் சொன்னதுக்குத்தான் அவரு முதல் தடவை சிரிச்சாரு. போன உள்ள வச்சுட்டு "சரி, அந்த சுழல் எப்படின்னு சொல்லு"ன்னாரு. ஒண்ணே கால் மணி நேரம் சொன்னேன்.

இங்க கொஞ்சம் பொலம்பிக்கறேன். மூணு வருஷமா இந்த ஊர்ல எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "நீங்க என்ன, டிபெண்டன்டா?"ன்னுதான் கேக்கறாங்க, அதுவும் நம்மாளுங்கதான். ஜெர்மன் கத்துக்கோன்னு கமெண்ட்ல வந்துடாதீங்க, பி1 லெவல் முடிச்சாச்சு, அடுத்த லெவல் பி2 போயிட்டு இருக்கு. இன்ஜினியர்ங்கற பேர போட்டுக்கவே இங்க சட்டம் இருக்கு, என் டிகிரிய சரிபார்க்க கொடுத்து மாசக்கணக்குல காத்திருந்தேன். ஐடி மாதிரி இங்கிலீஷ வச்சு ஓட்ட முடியாதுங்க, சைட்ல மேஸ்திரி பேசறது புரியணும். விடுங்க, நீங்க கேட்டது இது இல்ல.

சாப்பாடு. பாலத்துக்கு அடியிலயே கரை ஓரமா பழைய சாசேஜ் கடை ஒண்ணு இருக்கு, கரி அடுப்புல வாட்டி, புளிச்ச முட்டைக்கோஸ், இனிப்புக் கடுகோட தருவாங்க. அவரு ஆறு சாப்பிட்டாரு. நான் சைவம், வர்ற வழியில வாங்கின பிரெட்சல்ல ஓட்டிட்டேன். சைவம்னா அந்த நாத்தம் எப்படி தாங்கினேன்னு கேப்பீங்க, கரிப் புகையோட அந்த வாசனை நல்லாவே இருந்துச்சு, சொல்றதுக்கு என்ன. அங்க சுவத்துல எந்தெந்த வருஷம் வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு கோடு போட்டிருக்கு, அத மட்டும் பாக்காம வந்துடாதீங்க.

வால்ஹல்லா போகல. பவேரியாவோட லுட்விக் ராஜா கிரேக்கக் கோயில் மாதிரி கட்டி 1842ல திறந்தது, 358 படி. அதுக்கு இன்னொரு நாள் வச்சுக்கோங்க. கதீட்ரலுக்கு அரை மணி நேரம் கண்டிப்பா ஒதுக்குங்க, உள்ள கலர் கண்ணாடி ஜன்னல் மேல வெயில் படறப்ப போனா நல்லது.

ராத்திரி மாமியாருக்கு போட்டோ அனுப்பினேன். நாப்பத்தி மூணு போட்டோ, முக்கால்வாசி தூணோட காலு, ரெண்டுல அவரோட ஷூ. "முகம் தெரியற மாதிரி ஒண்ணு கூடவாம்மா இல்ல?"ன்னு கேட்டாங்க. அவரு போன வாங்கி, "அம்மா, அது தூண் இல்ல, அதச் சுத்தி இருக்கற திட்ட பாருங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாரு.